கிஸ்ஸிம்மி ஃபுட் டிரக் பார்க்கில் சைவக்காரர்களுக்கு ஒன்றுமே இல்லையா?

17 மார்ச் 2024, வாசகர் ஒருவரின் பதிவு

ஃபுளோரிடாவில் டிஸ்னி முடித்துவிட்டு, பக்கத்து ஊரான கிஸ்ஸிம்மியில் 192 நெடுஞ்சாலை மேல் இருக்கிற பெரிய ஃபுட் டிரக் பார்க்குக்குப் போனோம். ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வந்திருந்தார்கள். அத்தனை வண்டி நிற்கிறது, நமக்குச் சாப்பிட ஒன்றும் இல்லை. எங்கே பார்த்தாலும் மாடு, பன்றி. கடைசியில் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு ரூமுக்கு வந்து ரசம் வைத்தோம். சைவக்காரர்களைக் கூட்டிக்கொண்டு யாரும் போகாதீர்கள் என்பது என் கருத்து. வேறு அனுபவம் யாருக்காவது உண்டா?

17 மார்ச் 2024, இரவு

எனக்கு உண்டு. நாங்கள் டாம்பாவில் இருக்கிறோம். ஐ-4 நெடுஞ்சாலையில் கூட்டம் இல்லாவிட்டால் கிஸ்ஸிம்மிக்கு ஒன்றேகால் மணி நேரம். சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் டிஸ்னி, டிஸ்னி என்றால் கிஸ்ஸிம்மி, கிஸ்ஸிம்மி என்றால் ராத்திரி நீங்கள் போன அந்தப் பார்க், வேர்ல்ட் ஃபுட் டிரக்ஸ். ஆறேழு தடவை போயிருப்பேன்.

ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் பர்கர், டாக்கோ, பிபிக்யூ என்று பெயர் தெரிந்த வண்டிகளை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே பாதிக்கு மேல் வெனிசுவேலா, போர்ட்டோ ரிக்கோ, கொலம்பியா, பிரேசில் வண்டிகள். அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவது என்ன? வாழைக்காய், மரச்சீனிக் கிழங்கு, சேம்பு, சோளம், கருப்பு பீன்ஸ், துவரை. ஆமாம், துவரை. போர்ட்டோ ரிக்கோ வண்டியில் "கந்தூலெஸ்" என்று எழுதியிருப்பதை எடுத்துப் பாருங்கள். நாம் பருப்பாக உடைத்துச் சாம்பாரில் போடும் அதே துவரைதான், முழுசாக, பச்சையாக.

டிஸ்னி பக்கத்தில் இருப்பதால் அது டூரிஸ்ட் இடம்தான். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கே உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். ஹோட்டலில் படுக்கை தட்டிப் போட்டுவிட்டு யூனிஃபாரத்தோடு வந்தவர்கள், ராட்டினம் ஓட்டுகிறவர்கள், அவர்கள் பிள்ளைகள். கிஸ்ஸிம்மி இருக்கும் ஆசியோலா கவுண்ட்டியில் 2020 கணக்கெடுப்பின்படி பாதிக்கு மேற்பட்டவர்கள் ஸ்பானிஷ் பேசும் வம்சத்தார். 2017-இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவை அடித்த பிறகு வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். சமைக்கிறவர்களும் சாப்பிடுகிறவர்களும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கும் இடத்தில் சாப்பாடு ஏனோதானோ என்று இருக்காது.

18 மார்ச் 2024

என்னென்ன வாங்கலாம் என்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

அரேப்பா. வெள்ளைச் சோள மாவில் உள்ளங்கை அகலத்துக்கு, விரல் கனத்துக்குத் தட்டி, கல்லில் போட்டு எடுப்பது. நடுவே கீறி உள்ளே வைத்துக் கொடுப்பார்கள். "தோமினோ" என்று கேட்டால் கருப்பு பீன்ஸும் வெள்ளைச் சீஸும் மட்டும். கறுப்பு வெள்ளை டோமினோ கட்டை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர்.

கச்சாப்பா. இனிப்புச் சோளத்தை அரைத்து அடை மாதிரி ஊற்றிச் சீஸ் வைத்து மடித்தது. என் மகளுக்கு இது போதும், வேறு எதையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டாள்.

தோஸ்தோனெஸ். வாழைக்காயைத் துண்டு போட்டு ஒரு தடவை பொரித்து, எடுத்து, கட்டையில் வைத்து நசுக்கி, திரும்பவும் பொரிப்பது. ஓரம் மொறுமொறு, நடுவே மாவு. பூண்டுச் சாறு தொட்டுக்கொள்ள வரும்.

யூக்கா ஃப்ரிட்டா. மரச்சீனிக் கிழங்கு வறுவல். நாகர்கோவில்காரர்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

பிரேசில் வண்டியில் சீஸ் பாஸ்டெல், பெரிய சமோசா சைஸ். கூடவே கரும்புச் சாறு, எலுமிச்சை பிழிந்து.

துவரைச் சோறு. அரோஸ் கோன் கந்தூலெஸ். மஞ்சள் சோற்றில் துவரையும் ஆலிவும் குடைமிளகாயும். கூட வைக்கும் பன்றிக் கறியை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சைவம்தான். நம் கூட்டாஞ்சோற்றுக்குச் சித்தப்பா பிள்ளை.

தொட்டுக்கொள்ள வெனிசுவேலா வண்டிகளில் பச்சையாக ஒரு சாஸ் இருக்கும், குவாசகாக்கா. அவகாடோ, கொத்தமல்லி, மிளகாய், வினிகர். வெட்கப்படாமல் இரண்டு மூன்று கிண்ணம் கேட்டு வாங்குங்கள்.

19 மார்ச் 2024

பார்க்கிங் இலவசம். பில்லோடு ஏழரை சதவீதம் வரி சேரும், மாநிலத்துக்கு 6, கவுண்ட்டிக்கு 1.5. டிப்ஸ் கேட்டு ஸ்கிரீனைத் திருப்புவார்கள், அது உங்கள் மனசு. நாங்கள் நாலு பேர் போன தடவை 58 டாலர் கொடுத்தோம், வயிறு நிரம்பி மீதியைக் கட்டிக்கொண்டும் வந்தோம். டிஸ்னி பார்க்குக்குள்ளே நாலு பேருக்கு அதே காசில் என்ன கிடைக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும்.

முதலில் ஒரு சுற்று சும்மா நடங்கள். முதல் வண்டியிலேயே நின்று வாங்கிவிட்டு அப்புறம் ஏங்குவது எல்லோரும் செய்வது. ஒருவர் பெஞ்சைப் பிடித்து உட்காரட்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு வண்டி. எல்லா வண்டியிலும் ஒரே நேரத்தில் கைக்கு வராது. பெரியவர்களுக்கு உள்ளதை முதலில் சொல்லிவிடுங்கள், கல்லில் போட்டு எடுப்பதற்கு நேரமாகும்.

8 மே 2024

ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் வந்துவிட்டார்கள், திருநெல்வேலியிலிருந்து. நவம்பர் வரை இருப்பார்கள். அத்தை பிறவியிலிருந்தே சைவம், முட்டையும் கிடையாது. மாமா அப்படித்தான் என்றாலும் அத்தை அளவுக்குக் கறார் இல்லை, கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கேட்க மாட்டார்.

பள்ளி லீவு விட்டதும் கூட்டிப் போகிறோம். இப்போது போகாமல் இருப்பதற்கு இன்னொரு காரணம் லவ்பக். மே மாதமும் செப்டம்பரும் ஜோடி ஜோடியாகப் பறக்கும் அந்தக் கறுப்புப் பூச்சி. போன வாரம் ஐ-4-இல் போய்வந்து கார் முகப்பைக் கழுவ ஒரு மணி நேரம் ஆனது. உடனே கழுவாவிட்டால் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

2 ஜூன் 2024

நேற்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும். இந்த இழையில் நான் சொன்னதை நம்பி யாராவது போயிருந்தால் அவர்கள் படிக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் முதலில் ஓல்ட் டவுன் என்ற கடைவீதிக்குப் போனோம். அங்கே சனிக்கிழமைதோறும் பழைய கார்கள் ஊர்வலம் விடுவார்கள். மாமா முப்பத்தைந்து வருஷம் பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு காரின் பானெட்டும் திறந்திருக்கிறது, மாமா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்கிறார், காரின் சொந்தக்காரர்கள் விளக்கம் சொல்கிறார்கள், மாமா தமிழில் பதில் சொல்கிறார். இரண்டு பேருக்கும் புரிகிறது. அங்கிருந்து கிளப்பிக்கொண்டு வரவே எட்டரை.

ஃபுட் டிரக்கில் ஒரு போர்ட்டோ ரிக்கோ வண்டி. துவரைச் சோறு ஒரு பிளேட் கேட்டேன். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் "சின் கார்னே" என்றேன், கறி இல்லாமல் என்று. ஜன்னலில் இருந்த பெண் "ஸி, ஸி, சின் கார்னே" என்று தலையாட்டினாள். வெள்ளை டப்பாவில் மஞ்சள் சோறு. நான் கொண்டுவந்து அத்தை முன்னால் வைத்தேன்.

அத்தை சோற்றிலிருந்து ஒரு மணியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே பிதுக்கினார்கள். தோல் கழன்று வந்தது. "ஏளா, இது நம்ம துவரைல்லா! தை மாசம் நம்ம வீட்ல உரிப்போம்லா, அதுல்லா இது!" முகமெல்லாம் அப்படி ஒரு மலர்ச்சி. வந்து ஒரு மாதத்தில் வெளியே சாப்பிட உட்கார்ந்த எந்த இடத்திலும் அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. நாலு ஸ்பூன் சாப்பிட்டிருப்பார்கள். மாமாவுக்கும் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள்.

ஐந்தாவது ஸ்பூனில் நகம் அளவுக்குச் சதுரமாக ஒரு துண்டு. இளஞ்சிவப்பு. "கேரட்டா இது, வெந்து வெளுத்துட்டு போல" என்று ஸ்பூனை என் பக்கம் நீட்டினார்கள்.

ஹாம். பன்றிக்கறி.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்பூனைக் கீழே வைத்தார்கள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்பக்க வேலி ஓரமாகப் போய் வாய் கொப்பளித்தார்கள், பாட்டில் காலியாகும்வரை. நான் இன்னொரு பாட்டில் வாங்கிக்கொண்டு ஓடினேன். அதையும் காலி செய்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்து, "பிள்ளைங்களச் சாப்பிடச் சொல்லு, ஆறிப்போகுது" என்றார்கள். அவ்வளவுதான். வாடகை வீட்டுக்குப் போனதும் ராத்திரி பதினொரு மணிக்குத் தலைக்குக் குளித்துவிட்டு, கொண்டுவந்திருந்த முருகன் படத்துக்கு முன்னால் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். இன்று மத்தியானம் வரை பச்சைத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

அங்கே இருக்கும்போதே என் வீட்டுக்காரர் வண்டிக்காரரிடம் சண்டைக்குப் போகிறேன் என்றார். நான் அவரை நிறுத்திவிட்டு நானே போனேன். அந்தப் பெண்ணிடம் துண்டைக் காட்டினேன். அவள், "கார்னே நோ. ஹமோன், ஸி" என்றாள், கறி இல்லை, ஹாம் உண்டு என்று. அவள் சாதாரணமாகச் சொன்னாள். என் கண்ணைப் பார்த்ததும்தான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று புரிந்து, உள்ளே இருந்த அம்மாவைக் கூப்பிட்டாள். அந்த அம்மா ஏப்ரனைக் கழற்றிவிட்டு இறங்கி வந்தார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் கையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பணத்தைத் திருப்பித் தந்தார்கள், நான் வாங்கவில்லை. அவர்கள் ஏமாற்றவில்லை. நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னார்கள்.

அவர்கள் சொன்னது: அந்தச் சோற்றைத் தாளிக்கும்போதே ஹாமோ பன்றிக்கொழுப்போ போட்டு வதக்கித்தான் ஆரம்பிப்பார்களாம். கறியை மேலே வைப்பதும் வைக்காததும் அப்புறம்.

3 ஜூன் 2024

18 மார்ச் குறிப்பில் துவரைச் சோறு பற்றி நான் எழுதியது தப்பு. "சைவம்தான்" என்று எழுதினேன். நான் கோழி சாப்பிடுகிறவள், அதனால் இத்தனை தடவை அந்தச் சோற்றைச் சாப்பிட்டும் அதில் என்ன கிடக்கிறது என்று கவனித்ததே இல்லை. கவனிக்காத ஒன்றை நிச்சயமாகத் தெரிந்த மாதிரி எழுதிவிட்டேன். அழிக்கப்போவதில்லை, அழித்தால் இது ஏன் என்று புரியாது. ஆனால் அதை நம்பி யாரும் வாங்க வேண்டாம்.

முதல் பதிவு போட்டவருக்கு: நீங்கள் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் வாங்கியது பயந்து அல்ல, பொறுப்பாக இருந்து. அதை நான் அன்றைக்குப் புரிந்துகொள்ளவில்லை.

9 ஜூன் 2024

இந்த வாரம் முழுக்க இதையேதான் விசாரித்துக்கொண்டிருந்தேன். என் ஆபீஸில் இரண்டு போர்ட்டோ ரிக்கோக்காரர்கள், ஒரு வெனிசுவேலாக்காரர். அவர்கள் சொன்னதையும் நான் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

"கார்னே" என்றால் அகராதியில் கறி. பேச்சில் பல பேருக்கு அது மாட்டுக்கறி. அதனால் "சின் கார்னே" என்றால் மாடு இல்லாமல் என்று எடுத்துக்கொண்டு கோழியை வைத்துக் கொடுப்பார்கள். நம்மிடம் "கறி வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் மீன் குழம்பை எடுத்து வைக்கிற வீடுகள் உண்டே, அது மாதிரி.

மாடு மட்டும் வேண்டாம் என்பவர்கள் "சின் கார்னே தெ ரெஸ்" என்று சொல்ல வேண்டும். முழுச் சைவம் என்றால் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லியே ஆக வேண்டும். நான் இப்போது போனில் எழுதி வைத்திருப்பது: "எய்யா நோ கோமே நி கார்னே, நி போயோ, நி செர்தோ, நி ஹமோன், நி பெஸ்காதோ, நி வேவோ." அவர்கள் சாப்பிடாதது கறி, கோழி, பன்றி, ஹாம், மீன், முட்டை. ஹாமைத் தனியாகச் சொல்ல வேண்டும், பன்றி என்று சொன்னால் அதில் அடங்கிவிடும் என்று நினைக்காதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாதவை மூன்று. சோறு கோழிச் சாறில் வெந்திருக்கலாம், அது "கால்தோ தெ போயோ". பீன்ஸில் பேக்கன் என்கிற பன்றிக்கறி போட்டிருக்கலாம், அது "தோசினேத்தா" அல்லது "தோசினோ". எதிலும் "மான்தேக்கா" இருக்கலாம், அது பன்றிக்கொழுப்பு. மெக்ஸிகோ வண்டியில் மசித்த பீன்ஸ் என்றால் கட்டாயம் கேளுங்கள்.

பொரிக்கிற எண்ணெய் இன்னொன்று. வாழைக்காயும் கோழியும் ஒரே சட்டியில் விழும் வண்டிகள்தான் அதிகம். இது பரவாயில்லை என்பவர்கள் இருக்கிறார்கள், அத்தை மாதிரி ஒப்பாதவர்களும் இருக்கிறார்கள். ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸுக்கும் இதே கதைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

11 ஜூன் 2024

மான்தேக்கா பற்றித் திருத்தம். ஒரு வாசகர் தனியாக எழுதியிருக்கிறார், அவர் புயனஸ் ஐரஸில் மூன்று வருஷம் இருந்தவர். அர்ஜென்டினாவில் மான்தேக்கா என்றால் வெண்ணெய். பன்றிக்கொழுப்புக்கு அங்கே வேறு சொல். சரிதான், விசாரித்தேன். போர்ட்டோ ரிக்கோ, கியூபா, மெக்ஸிகோ வண்டிகளில் கொழுப்பு. அர்ஜென்டினா வண்டியில் வெண்ணெய். பிரேசில்காரர்கள் பேசுவது போர்ச்சுகீஸ், அதில் "மான்தேய்கா" என்றாலும் வெண்ணெய்தான். எந்த நாட்டு வண்டி என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

12 ஜூன் 2024

சீஸுக்குப் பாலைத் திரிக்கப் போடுகிற ரென்னெட் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து வருவதாயிற்றே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லாச் சீஸும் அப்படி இல்லை, சிலது அப்படி. வண்டியில் கேட்டால் அவர்களுக்கே தெரியாது. பீட்ஸா சாப்பிடுகிற வீடாக இருந்தால் அதே அளவுகோல். சாப்பிடாதவர்கள் பீன்ஸும் அவகாடோவும் மட்டும் வைத்த அரேப்பா கேட்கலாம், தருவார்கள்.

7 ஜூலை 2024

நேற்று திரும்பவும் போனோம். நான் கூப்பிடவில்லை. நாலாம் தேதியிலிருந்து மாமா பழைய கார், பழைய கார் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தை, "போய்ட்டு வாங்க, நான் கார்லயே இருந்துக்கிடுதேன்" என்று சொல்லித்தான் கிளம்பினார்கள். தூக்குவாளியில் தயிர்சாதமும் மோர்மிளகாயும்.

ஃபுளோரிடா ஜூலை தெரியும்தானே. நாலு மணிக்கு வானம் கறுத்து இடி மின்னலோடு கொட்டித் தீர்த்தது, ஆறரைக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி வெயில். பெஞ்செல்லாம் ஈரம். கிளம்பும்போது ஒரு பழைய துண்டு எடுத்து வையுங்கள், இதை மார்ச்சிலேயே எழுதியிருக்க வேண்டும். கொசுவுக்கு ஏதாவது தடவிக்கொள்ளுங்கள்.

காரில் எத்தனை நேரம் உட்கார முடியும், புழுக்கம். அத்தை இறங்கி நடந்தார்கள். ஒரு வெனிசுவேலா வண்டி முன்னால் நின்றுவிட்டார்கள். ஜன்னல் அகலமாக இருந்தது, உள்ளே கல் தெரிந்தது. ஒரு அம்மா, அத்தை வயதுதான் இருக்கும், மாவைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். கையில் தண்ணீர் தொட்டு ஒரு உருண்டை எடுத்து, இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றித் தட்டி, ஓரம் வெடித்த இடத்தை ஈரவிரலால் தடவி மூடினார்கள். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "தட்டை தட்டுத மாதிரில்லா தட்டுதா" என்றார்கள்.

நான் போனில் இருந்ததைப் படித்தேன். அந்த அம்மா முழுதும் கேட்டுவிட்டு, பீன்ஸில் ஒன்றும் போடவில்லை, வெங்காயம், பூண்டு, குடைமிளகாய், சீரகம், எண்ணெய் அவ்வளவுதான் என்றார்கள். கல்லைப் பற்றிக் கேட்டேன். அதில் கறியும் போடுவோம் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, கீழே குனிந்து ஒரு சின்ன தோசைக்கல் மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அதைக் கழுவி, துடைத்து, அடுப்பில் வைத்து, எங்கள் கண் முன்னாலேயே இரண்டு அரேப்பா சுட்டார்கள். கையுறையை மாற்றிக்கொண்டார்கள். இருபது நிமிஷம் ஆனது, பின்னால் நின்றவர்கள் முனகவில்லை.

அத்தை அந்த இருபது நிமிஷமும் ஜன்னலை விட்டு அசையவில்லை. அப்புறம் நின்றபடியே ஒரு அரேப்பா முழுசும் சாப்பிட்டார்கள், உள்ளே கருப்பு பீன்ஸ், பச்சைச் சாஸ், கூடத் தூக்குவாளியிலிருந்து எடுத்த மோர்மிளகாய். இன்னொரு மோர்மிளகாயை ஜன்னலுக்குள் நீட்டினார்கள். அந்த அம்மா கடித்துவிட்டு உப்பு, உப்பு என்பது மாதிரி நாக்கை நீட்டிச் சிரித்தார்கள், ஆனால் முழுசாகத் தின்றார்கள்.

இதைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவதை எழுதிவிடுகிறேன். ஹோட்டலில் உட்கார்ந்தால் அடுக்களை நம் கண்ணில் படாது. மெனுவில் "வெஜ்" என்று ஒரு பச்சை இலை படம் இருக்கும், அதை நம்பித்தான் சாப்பிடுகிறோம். வண்டியில் பத்தடிக்குள் கல்லும் எண்ணெயும் கையும் தெரிகின்றன. சமைக்கிறவரிடமே பேசலாம். அத்தை மாதிரி கறாரானவர்களுக்கு உண்மையில் வண்டிதான் வசதி. ஆனால் கூட்டமில்லாத நேரத்தில் போக வேண்டும். சனிக்கிழமை எட்டரை மணிக்குப் போய்ச் சின்னக் கல்லை எடு என்றால் யாராலும் முடியாது. ஆறரை ஏழுக்குப் போங்கள்.

8 ஜூலை 2024

சுத்தம் எப்படி என்று கேட்டவருக்கு: ஃபுளோரிடாவில் ஃபுட் டிரக்குகளுக்கும் ஹோட்டல் மாதிரியே மாநில உரிமம் உண்டு, இன்ஸ்பெக்ஷன் உண்டு. அந்த அறிக்கைகள் மாநிலத் துறையின் இணையதளத்தில் பெயர் போட்டால் வரும், யாரும் படிக்கலாம். 2020-இல் வந்த சட்டத்தால் ஊருக்கு ஊர் தனி உரிமம் வாங்க வேண்டியதில்லை, மாநில உரிமம் ஒன்றே போதும். அதற்குப் பிறகுதான் வண்டிகள் இத்தனை பெருகின என்பது என் எண்ணம்.

15 அக்டோபர் 2024

மில்டன் புயலுக்கு முந்தின நாள் டாம்பாவிலிருந்து கிளம்பி கிஸ்ஸிம்மியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். 9-ஆம் தேதி ராத்திரி கரையைக் கடந்தது. 10-ஆம் தேதி டிஸ்னியே மூடியிருந்தது. வீட்டில் கரண்ட் இல்லை, அடுப்பு எலெக்ட்ரிக். பிரெட்டும் வேர்க்கடலை வெண்ணெயும் வைத்து இரண்டு நாள். 11-ஆம் தேதி சாயங்காலம் 192-இல் பெட்ரோல் தேடிப் போனபோது ஒரு காலி இடத்தில் ஒற்றை வண்டி, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, நாற்பது பேர் வரிசை. வெறும் அரேப்பாவும் வெள்ளைச் சீஸும்தான் இருந்தன. வாங்கிக்கொண்டு வந்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பிட்டோம். அத்தை எண்ணெய், கல், கையுறை எதையும் கேட்கவில்லை. "சூடா இருக்கா, கொண்டா" என்றார்கள்.

22 டிசம்பர் 2024

மாமாவும் அத்தையும் நவம்பர் முதல் வாரம் ஊருக்குப் போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

நேற்று பிள்ளைகளோடு போயிருந்தேன். ஜூன் மாதத்து அந்தப் போர்ட்டோ ரிக்கோ வண்டியில் கிறிஸ்துமஸுக்குப் பாஸ்தெலெஸ் செய்கிறார்கள். பச்சை வாழைக்காயையும் சேம்பையும் துருவி, நடுவே பன்றிக்கறி வைத்து, வாழை இலையில் மடித்து, இரண்டிரண்டாக நூல் கட்டி வேகவைப்பது. பானையைத் திறந்தபோது வெந்த வாழை இலை வாசனை. இலைக் கொழுக்கட்டை அவிக்கிற நாள் மாதிரி வண்டியைச் சுற்றி நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாவுக்கு என்னை ஞாபகம் இருந்தது. அத்தை எங்கே என்றுதான் முதலில் கேட்டார்கள். வேகாத வாழை இலைத் துண்டு ஒன்றைச் சுருட்டி, ஊருக்கு அனுப்பு என்று கையில் கொடுத்தார்கள். இலை அத்தை ஊரில் எல்லாத் தோட்டத்திலும் ஓசியில் கிடைக்கும் என்று எப்படிச் சொல்வது. வாங்கிக்கொண்டேன். போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

12 ஜனவரி 2025

அரேப்பா மாவு கேட்ட மூன்று பேருக்கும் சேர்த்து: பை மேல் "ஹரினா பான்" என்று இருக்கும், மஞ்சள் பை, வெனிசுவேலாக்காரர்கள் 1960-லிருந்து பயன்படுத்துவது. வேகவைத்துக் காயவைத்து அரைத்த சோளம் என்பதால்தான் வெந்நீர்கூட இல்லாமல் திரண்டு வருகிறது. இந்தியக் கடையில் கிடைக்கும் மக்கா மாவில் செய்தால் உதிர்ந்துவிடும், நான் செய்து கெடுத்திருக்கிறேன். டார்ட்டியாவுக்கான மாசா மாவும் ஆகாது, அது சுண்ணாம்பில் வேகவைத்தது, வாசனையே வேறு. இரண்டு கப் மாவு, இரண்டரைக் கப் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு. தண்ணீரில் உப்பைக் கரைத்து மாவைத் தூவிப் பிசைந்து ஐந்து நிமிஷம் மூடி வையுங்கள். தட்டும்போது ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை.

துவரைச் சோறும் இப்போது வீட்டில் செய்கிறேன். கந்தூலெஸ் டின்னில் வரும், பச்சைத் துவரை. வெங்காயம், பூண்டு, குடைமிளகாய், கொத்தமல்லி அரைத்து எண்ணெயில் வதக்கி, தக்காளி சேர்த்து, நிறத்துக்கு அச்சியோத்தே விதையை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி, துவரையும் அரிசியும் போட்டு வேகவைத்தால் ஹாம் இல்லாத குறை தெரியவில்லை. கடைசியில் ஆலிவ்.

இதை வாட்ஸ்அப்பில் அத்தைக்கு அனுப்பினேன். இன்று காலை போன். பொங்கலுக்கு முன்னால் டவுன் மார்க்கெட்டில் பச்சைத் துவரை வந்திருக்கிறதாம், உரித்து அதே சோற்றைச் செய்துவிட்டார்கள். நிறத்துக்கு மஞ்சள்தூள். "ஆலிவுக்கு எங்க போக, அந்தப் புளிப்பும் உப்பும்தானே வேணும்னு உப்பு நார்த்தங்காயை நறுக்கிப் போட்டேன்" என்றார்கள். மாமா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாராம். எவ்வளவு நார்த்தங்காய் என்று கேட்டேன். "உழக்கு அரிசிக்கு ஒரு சுருள்ல பாதி. பொடிப்பொடியா. சோத்துக்கு உப்பைக் குறைச்சுப் போடு."